ஏழைக் குடும்பங்களுக்கான தகாஃபுல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அன்றாடம் உழைத்துச் சாப்பிடுகிற ஒரு குடும்பத்தில் சம்பாதிக்கிறவர் திடீரென இறந்துவிட்டால், மையித்தை அடக்கிவிட்டுத் திரும்புவதற்குள் கடன்காரர் கணக்கு தொடங்கிவிடுகிறது. வட்டியும் சூதும் கலந்தது என்று சாதாரண இன்சூரன்ஸிலிருந்து ஒதுங்கி நிற்கிற குடும்பங்கள் ஏராளம். அவர்களுக்கு மாற்றாக இருப்பது தகாஃபுல். அதிலும் குறைந்த வருமானக்காரர்களுக்கென்று வடிவமைக்கப்பட்டது குறு தகாஃபுல். இதைப் பற்றி மக்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

தகாஃபுல் என்றால் என்ன?

ஒருவருக்கொருவர் பொறுப்பேற்றுக்கொள்வது என்பது அந்த அரபுச் சொல்லின் பொருள். பலர் சேர்ந்து ஒரு பொது நிதியில் பணம் போடுகிறார்கள். முன்கூட்டியே பேசி வைத்த இழப்பு அவர்களில் யாருக்கு நேர்ந்தாலும் அந்த நிதியிலிருந்து அவருக்கு உதவி போகிறது. போடுகிற பணத்தைப் பிரீமியம் என்று சொல்லாமல் பங்களிப்பு என்கிறார்கள். அதில் பொது நிதிக்குப் போகிற பகுதி தபர்ருஉ, அதாவது மனமுவந்து கொடுக்கும் நன்கொடை. நிதி அதில் சேர்ந்தவர்களுக்கே உரியது. நிறுவனம் அதை நடத்திக் கொடுத்துவிட்டுக் கூலி வாங்கிக்கொள்கிறது.

எண்ணம் புதிதல்ல. நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபின் எழுதப்பட்ட மதீனா சாசனத்திலேயே, ஒவ்வொரு குலத்தாரும் தங்கள் ஆளுக்கு வந்த இரத்த ஈட்டுத் தொகையையும், சிறைப்பட்டவரை மீட்கும் பணத்தையும் சேர்ந்து சுமக்க வேண்டும் என்று இருக்கிறது. அஷ்அரீ குலத்தாரைப் பற்றிய ஹதீஸும், அதாவது நபிமொழியும், இங்கே நினைவுக்கு வரும். உணவு குறைந்துவிட்டால் அவரவரிடம் இருப்பதை ஒரே துணியில் கொட்டி, சமமாகப் பங்கிட்டுக்கொள்வார்கள்; அவர்கள் என்னைச் சேர்ந்தவர்கள், நான் அவர்களைச் சேர்ந்தவன் என்று நபியவர்கள் அவர்களைப் பாராட்டினார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய ஹதீஸ் தொகுப்புகள் இரண்டிலும் வருகிற ஹதீஸ் இது.

சாதாரண இன்சூரன்ஸில் மார்க்கத்துக்கு என்னதான் ஆட்சேபம்?

மூன்று ஆட்சேபங்கள். முதலாவது கரர், அதாவது ஒப்பந்தத்தில் உள்ள நிச்சயமின்மை. நான் பணம் கொடுத்து எதை வாங்குகிறேன், அது கிடைக்குமா, எவ்வளவு கிடைக்கும் என்று தெரியாமலேயே கொடுக்கல் வாங்கல் நடக்கிறது. இரண்டாவது மைசிர், சூது. ஒருவருடைய இழப்பில் இன்னொருவருடைய லாபம் நிற்கிறது. மூன்றாவது ரிபா, வட்டி. திரட்டிய பணம் வட்டிப் பத்திரங்களில் போடப்படுகிறது.

டமாஸ்கஸில் வாழ்ந்த, ஹனஃபி என்ற சட்டப் பிரிவின் அறிஞர் இப்னு ஆபிதீன் (1784-1836) கடல் வணிகத்தில் புழங்கிய ஒரு வகைக் காப்பீட்டை எடுத்துப் பேசி, அந்த இழப்பீட்டை வணிகர் வாங்குவது கூடாது என்று எழுதினார். பின்னால் 1985-ல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் (மார்க்கச் சட்ட) அகாதமி, நிர்ணயித்த பிரீமியத்தில் நடக்கும் வணிகக் காப்பீட்டில் பெரிய அளவில் கரர் இருப்பதால் அது கூடாது என்றும், நன்கொடையையும் பரஸ்பர உதவியையும் அடிப்படையாகக் கொண்ட கூட்டுறவுக் காப்பீடு அதற்கு மாற்று என்றும் தீர்மானித்தது. சிரியாவின் முஸ்தஃபா அஸ்ஸர்கா போல, காப்பீடு அடிப்படையில் கூடும் என்று சொன்ன அறிஞர்களும் உண்டு. பெரும்பான்மைக் கருத்து ஜித்தா தீர்மானத்தின் பக்கம்தான்.

பெயரை மாற்றிவிட்டால் ஹலால் ஆகிவிடுமா? இரண்டும் ஒன்றுபோலத்தானே தெரிகிறது?

வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலத்தான் தெரியும். மாதம் பணம் கட்டுகிறோம், இழப்பு வந்தால் பணம் வருகிறது. வித்தியாசம் பணம் யாருடையது என்பதில் இருக்கிறது. வணிகக் காப்பீட்டில் நான் கட்டியது நிறுவனத்தின் பணமாகிவிடுகிறது. இழப்பீடு போக மிஞ்சியது பங்குதாரர்களின் லாபம். தகாஃபுலில் நிதி ஒரு கணக்கு, நிறுவனத்தின் பணம் வேறு கணக்கு. மிச்சம் நிதியிலேயே நிற்கும், அல்லது சேர்ந்தவர்களுக்குத் திரும்பும். தட்டுப்பாடு வந்தால் நிறுவனம் நிதிக்கு வட்டியில்லாத அழகிய கடன் கொடுக்கும். பணம் வட்டியிலும் மதுவிலும் சூதிலும் முதலீடாகப் போகக் கூடாது. இதையெல்லாம் பார்க்க ஒரு ஷரீஆ குழு, அதாவது மார்க்கச் சட்ட அறிஞர்களின் குழு, இருக்க வேண்டும்.

இந்த வித்தியாசம் நடைமுறையில் இல்லையென்றால் உங்கள் சந்தேகம் நியாயமானதே. கணக்கைப் பிரித்துக் காட்டாமல், மிச்சம் எங்கே போகிறது என்று சொல்லாமல் தகாஃபுல் என்ற பெயரை மட்டும் ஒட்டிக்கொண்ட திட்டத்தை நம்ப வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

அல்லாஹ்வின் மீது நம்பிக்கை வைக்காமல் பணத்தை நம்புவதாக இது ஆகாதா?

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் (இறைவன் மீது நம்பிக்கை) வைக்கவா, அவிழ்த்துவிட்டுத் தவக்குல் வைக்கவா என்று கேட்டவரிடம், "கட்டிவிட்டு நம்பிக்கை வை" என்றார்கள் நபியவர்கள். திர்மிதி தொகுப்பில் வரும் ஹதீஸ். அப்புறம், வாரிசுகளைப் பிறரிடம் கையேந்த விட்டுச் செல்வதைவிடத் தன்னிறைவோடு விட்டுச் செல்வது மேல் என்றும் ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்களிடம் சொல்லியிருக்கிறார்கள். கத்ரை, அதாவது இறைவன் விதித்ததை, யாரும் பணத்தால் தடுக்க முடியாது. அது வந்தபின் பிள்ளைகள் பட்டினி கிடக்காமல் பார்த்துக்கொள்ள முடியும்.

குறு தகாஃபுல் ஏன் தனியாக வேண்டும்? சாதாரணத் தகாஃபுலில் சேர்ந்துவிட்டுப் போகலாமே?

மாதச் சம்பளக்காரருக்காக உருவாக்கிய திட்டத்தை அப்படியே சிறிதாக வெட்டிக் கொடுத்தால் கூலித் தொழிலாளிக்குப் பொருந்தாது. அவருக்கு மாதாமாதம் ஒரே தேதியில் பணம் வராது. வங்கிக் கணக்கு இல்லாமல் இருக்கலாம். மருத்துவப் பரிசோதனைக்கு ஒரு நாள் போனால் அன்றைய கூலி போச்சு. முப்பது பக்க ஒப்பந்தத்தைப் படிக்க நேரமும் இல்லை, அந்த மொழியும் அவருடையதல்ல.

நிறுவனத்தின் பக்கமும் ஒரு சிக்கல் உண்டு. பெரிய தொகைக்கும் சிறிய தொகைக்கும் படிவம் எழுதுகிற, வசூலிக்கிற, கோரிக்கையைச் சரிபார்க்கிற செலவு ஏறக்குறைய ஒன்றே. சிறிய பங்களிப்பில் அந்தச் செலவே பாதியைத் தின்றுவிடும். அதனால்தான் குறு தகாஃபுல் தனி ஆட்களைத் தேடிப் போகாமல் குழுவாகச் சேர்க்கிறது. கூட்டுறவுச் சங்கம், சிறு கடன் அமைப்பு, பள்ளிவாசலைச் சேர்ந்த மஹல்லா ஜமாஅத், கைபேசிப் பணச் சேவை என்று ஏற்கெனவே மக்கள் கூடியிருக்கிற இடத்தின் வழியாக நுழைகிறது. ஒரே ஒப்பந்தம், எல்லோருக்கும் ஒரே தொகை, ஒரே பக்கத்தில் விதிமுறை. யார் எவ்வளவு நோயாளி என்று ஒவ்வொருவராகத் துருவாமல், கூட்டத்தின் சராசரி ஆபத்தை எல்லோரும் சேர்ந்து தாங்குகிறார்கள்.

லெபனானில் விவசாயிகளின் மருத்துவச் செலவுக்காக 1997-ல் தொடங்கிய விவசாயப் பரஸ்பர நிதியை இந்த வகையின் ஆரம்ப முயற்சிகளில் ஒன்றாகச் சொல்வார்கள். பெரிய அளவிலான தகாஃபுல் அதற்கு முன்பே வந்துவிட்டது: 1979-ல் சூடானில் இஸ்லாமியக் காப்பீட்டு நிறுவனம், 1984-ல் மலேசியாவில் தகாஃபுலுக்கென்றே ஒரு சட்டம், 1999-ல் இலங்கையில் அமானா தகாஃபுல்.

கணக்கு எப்படி வேலை செய்கிறது? ஒரு உதாரணம் சொல்லுங்கள்.

இது வெறும் உதாரணக் கணக்கு. ஆயிரம் குடும்பங்கள், வருடத்துக்குத் தலா 100 போடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,00,000. நடத்துகிறவருக்கு 25 சதவீதம் கூலி என்று முதலிலேயே பேசியிருக்கிறார்கள். இந்த முகவர் ஏற்பாட்டுக்கு வகாலா என்று பெயர். 25,000 அங்கே போனால் பொது நிதியில் 75,000 நிற்கும். குடும்பத் தலைவர் இறந்தால் 20,000 கொடுப்பது என்று ஒப்பந்தம். அந்த வயதுக் கூட்டத்தில் வருடத்துக்கு மூன்று மரணம் எதிர்பார்க்கிறார்கள்.

மூன்றே மரணம் நடந்தால் 60,000 போகும், 15,000 மிஞ்சும். கெட்ட வருடம் ஒன்று வந்து ஐந்து மரணம் நடந்தால் 1,00,000 வேண்டும். நிதியில் 25,000 குறையும். அந்தக் குறையை நிறுவனம் தன் கையிலிருந்து அழகிய கடனாகக் கொடுத்து, வருகிற வருடங்களின் மிச்சத்திலிருந்து வட்டியில்லாமல் எடுத்துக்கொள்ளும். வெள்ளம், கொள்ளைநோய் மாதிரி எல்லோரையும் ஒரே நேரத்தில் தாக்குகிற ஆபத்துக்கு மறுதகாஃபுல் என்ற ஏற்பாடு இருக்கிறது. நிதி தன் பங்குக்கு இன்னொரு பெரிய நிதியில் சேர்ந்து கொள்வது அது.

கூலிக்குப் பதிலாக முதலீட்டு லாபத்தில் பங்கு வாங்குகிற முளாரபா முறையும் உண்டு. இரண்டையும் கலப்பதும் உண்டு. பாகிஸ்தானிலும் தென்னாப்பிரிக்காவிலும் பொது நிதியை ஒரு வக்ஃபாக, அதாவது அறத்துக்கென்று ஒதுக்கிய சொத்தாக, அமைக்கிறார்கள். வக்ஃபுக்கு வந்த பணம் யாருக்கும் சொந்தமில்லை என்பதால் நிதிக்கு உரிமையாளர் யார் என்ற கேள்விக்கு அங்கே தெளிவான பதில் கிடைக்கிறது. ஏழைகளுக்கான திட்டத்துக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. செல்வந்தர் ஒருவர் அந்த வக்ஃபுக்கே நன்கொடை கொடுத்து நிதியைப் பலப்படுத்தலாம்.

எங்கள் ஜமாஅத்தில் நூறு குடும்பங்கள் இருக்கின்றன. நாங்களே ஒரு நிதி தொடங்கி நடத்தலாமா?

மேலே உள்ள கணக்கையே நூறு குடும்பத்துக்குப் போட்டுப் பாருங்கள். கூலி போக நிதியில் 7,500 இருக்கும். ஒரு மரணத்துக்குத் தருவதாகச் சொன்னது 20,000. நூறு பேரில் ஒரு வருடம் யாரும் இறக்க மாட்டார்கள், அடுத்த வருடம் இரண்டு பேர் இறப்பார்கள். மையித்து வீட்டில் போய் நிதியில் பணமில்லை என்று சொல்லும் நிலை எந்த நிர்வாகிக்கும் வரக் கூடாது. கூட்டம் பெரிதாக ஆகத்தான் எதிர்பார்த்த எண்ணிக்கையும் நடக்கும் எண்ணிக்கையும் நெருங்கும்.

சட்டச் சிக்கலும் இருக்கிறது. பணம் வாங்கிக்கொண்டு இத்தனை தருவோம் என்று உறுதி கொடுத்தாலே பல நாடுகளில் அது காப்பீட்டுத் தொழில். உரிமம் இல்லாமல் நடத்தினால் குற்றம். இருப்பதைப் பொறுத்து உதவுவோம் என்ற அளவில் சங்கமாகவோ அறக்கட்டளையாகவோ பதிவு செய்து நடத்தும் பரஸ்பர உதவி நிதிக்கு அநேகமாக இடம் இருக்கும். தொடங்குமுன் ஒரு வழக்கறிஞரையும் ஒரு ஆலிமையும் (மார்க்க அறிஞரையும்) உட்கார வைத்துப் பேசிவிடுங்கள். என் யோசனை என்னவென்றால், ஜமாஅத் ஆள் சேர்ப்பது, வசூலிப்பது, கோரிக்கைக்கு உதவுவது ஆகியவற்றைச் செய்யட்டும். ஆபத்தைத் தாங்குகிற வேலையை உரிமம் பெற்ற நிதியிடம் விட்டுவிடட்டும்.

ஜகாத் என்ற கடமையான தர்மமும் பைத்துல்மால் என்ற சமுதாயப் பொது நிதியும் இருக்கும்போது இது எதற்கு?

இந்தக் கேள்வியை யார் கேட்டாலும் நான் ஒரு விதவையின் இடத்தில் உட்கார்ந்து யோசிக்கச் சொல்வேன். கணவர் போய்விட்டார். ஜமாஅத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். நிர்வாகிகள் கூடிப் பேச வேண்டும். நிஜமாகவே கஷ்டமா, உறவினர்கள் இல்லையா என்று விசாரணை வரும். ஜும்ஆவுக்குப் பிறகு துண்டு விரித்து வசூலிப்பார்கள். அவருடைய பிள்ளைகளுக்கு அது தெரியும். கடைசியில் வருகிற தொகை, இறந்தவர் எவ்வளவு பேருக்கு அறிமுகமானவர் என்பதைப் பொறுத்து இருக்கும். கூச்சப்பட்டுக் கேட்காமலேயே இருந்துவிடுகிற குடும்பங்களைப் பற்றி நமக்குத் தெரிய வருவதே இல்லை.

கொடுப்பவர்களைக் குறை சொல்லவில்லை. நம் சமுதாயம் மையித்து வீட்டுக்கு ஓடிப் போய் நிற்கிற சமுதாயம்தான். ஆனால் அந்த உதவி இழப்பு நடந்த பிறகு திரட்டப்படுகிறது, கேட்ட பிறகு கிடைக்கிறது. தகாஃபுலில் கணவர் உயிரோடு இருக்கும்போதே தன் பங்கைப் போட்டிருக்கிறார். வருடக்கணக்கில் மற்றவர்களின் இழப்பையும் அவர் சுமந்திருக்கிறார். இன்று அவர் மனைவிக்கு வருவது அவருடைய உரிமை. யார் முன்னாலும் அவர் தன் வறுமையை நிரூபிக்க வேண்டியதில்லை. இறப்புச் சான்றிதழ் போதும்.

ஜகாத்துக்கு இதனால் வேலை குறைந்துவிடாது. பங்களிப்பே போட முடியாத பரம ஏழைக்கு ஜகாத்தும் ஸதகா என்ற விருப்பத் தர்மமும்தான் வழி. ஏழ்மைக்கு மேலே ஒரு படி ஏறி நிற்கிற, ஒரு விபத்து வந்தால் சறுக்கி விழப் போகிற குடும்பத்தைத் தாங்கிப் பிடிப்பது தகாஃபுலின் வேலை. அந்தக் குடும்பம் விழுந்தால் நாளைக்கு அதுவும் ஜகாத் வரிசையில் வந்து நிற்கும்.

ஏழைகளின் பங்களிப்பை ஜகாத் பணத்திலிருந்து கட்டலாமா?

ஜகாத் பெறத் தகுதியான எட்டு வகையினரைக் குர்ஆன் 9:60 வசனம் சொல்கிறது. அந்தப் பணத்தைத் தகுதியானவரின் உடைமையாக ஆக்க வேண்டும் என்பது ஹனஃபி மத்ஹபில் நிபந்தனை. நேராகப் பொது நிதியில் கொட்டினால், அந்த நிதியிலிருந்து வசதியானவருக்கும் பணம் போகலாம் என்பதால் ஆட்சேபம் வருகிறது. ஏழையின் கையில் கொடுத்து, அவர் விரும்பி அதிலிருந்து பங்களிப்பைப் போட்டால் அந்தச் சிக்கல் இல்லை. ஸதகாவிலிருந்தும் வக்ஃப் வருமானத்திலிருந்தும் கட்டுவது இன்னும் எளிது. உங்கள் பகுதி உலமாக்களிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

அரசே ஏற்பாடு செய்யும் முறையும் உண்டு. மலேசியாவில் 2019-ல் தொடங்கிய மைசலாம் திட்டத்தில் குறைந்த வருமானக்காரர்கள் எதுவும் கட்டவில்லை. பட்டியலில் உள்ள கடும் நோய் வந்தால் ஒரு தடவை 8,000 ரிங்கிட், அரசு மருத்துவமனையில் படுத்தால் நாளுக்கு 50 ரிங்கிட் என்று வருடத்துக்கு 14 நாள் வரை கொடுத்தார்கள்.

அந்த நாளுக்கு 50 என்பதைக் கவனியுங்கள். அரசு மருத்துவமனையில் சிகிச்சைச் செலவு குறைவு. ஏழையை அங்கே முடக்குவது போன கூலிதான். அது தெரிந்தவர்கள் வடிவமைத்த திட்டம் அது.

எல்லா இழப்புக்கும் சேர்த்துக் கட்ட வசதியில்லை. எதற்கு முதலிடம் கொடுப்பது?

எந்த இழப்பு வந்தால் குடும்பத்தால் தானாக எழவே முடியாதோ அதற்கு. பெரும்பாலும் அது சம்பாதிக்கிறவரின் மரணமும் நிரந்தர ஊனமும். மரணப் பாதுகாப்புதான் இருப்பதிலேயே மலிவானதும்கூட, ஏனென்றால் எண்ணிக்கையைக் கணிப்பது எளிது, ஏமாற்றுவது கடினம். அதற்கு அடுத்து மருத்துவமனை நாட்களுக்கான தினப்பணம். கடையோ தறியோ படகோதான் பிழைப்பு என்றால் அதற்கான தீ, வெள்ளப் பாதுகாப்பு. சேமிப்பு கலந்த நீண்டகாலத் திட்டத்தை யாராவது காட்டினால் அவசரப்பட வேண்டாம். இடையில் நிறுத்தினால் எவ்வளவு திரும்பும் என்று கேட்டுவிட்டுப் பேசுங்கள். வருமானம் நிலையில்லாதவர்தான் அதிகம் இடையில் நிறுத்துகிறார்.

கடன் வாங்கும்போது தகாஃபுலும் கட்டாயம் என்கிறார்களே?

சிறு கடன் அமைப்புகளில் இது வழக்கம். கடன் வாங்கியவர் இறந்தால் மீதிக் கடனை நிதி அடைத்துவிடும். இதற்கு ஒரு பெரிய நன்மை இருக்கிறது. கடனோடு இறந்தவரின் ஜனாஸாவை முன்னே வைத்தபோது, கடனுக்கு நான் பொறுப்பு என்று அபூ கதாதா (ரலி) சொன்ன பிறகுதான் நபியவர்கள் தொழ வைத்தார்கள். கடனின் கனம் அப்படி.

ஆனால் கணக்கைப் பாருங்கள்: பணம் முதலில் போவது கடன் கொடுத்தவருக்கு. குடும்பத்தின் கைக்கு எதுவும் வராமலே போகலாம். கடனை அடைத்தது போக வீட்டுக்கு ஒரு தொகை உண்டா, கடன் முடிந்த அன்றே பாதுகாப்பும் முடிந்துவிடுமா என்று இரண்டையும் கேளுங்கள். தகாஃபுல் கட்டணம் கடன் தொகையில் சத்தமில்லாமல் கழிக்கப்பட்டு, சேர்ந்திருக்கிறோம் என்பதே குடும்பத்துக்குத் தெரியாத நிலை மிக மோசமானது. தெரியாததை யாரும் கோரிப் பெற முடியாது.

இறந்தால் பணம் யாருக்கு? நாமினியாகப் பெயர் எழுதப்பட்டவருக்கா, எல்லா வாரிசுகளுக்குமா?

இது குடும்பங்களைப் பிரித்துவிடக் கூடிய கேள்வி, அதனால் முன்கூட்டியே தெளிவு வேண்டும். ஒரு கருத்துப்படி நாமினி என்பவர் பணத்தை வாங்கி வாரிசுகளிடம் ஒப்படைக்கும் பொறுப்பாளர் மட்டுமே. அப்போது குர்ஆன் 4:11, 4:12 வசனங்களின் பங்குகள் பொருந்தும். பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று, தாய்க்கு ஆறில் ஒன்று என்று போகும். இன்னொரு ஏற்பாட்டில், நிதி கொடுக்கும் உதவியை இன்னாருக்கு ஹிபாவாக, அதாவது அன்பளிப்பாகக் கொடுங்கள் என்று உயிரோடு இருக்கும்போதே எழுதி வைக்கலாம். மலேசியாவின் 2013 இஸ்லாமிய நிதிச் சேவைகள் சட்டம் இதற்கு இடம் கொடுக்கிறது.

சிறிய தொகை, சிறிய பிள்ளைகள் என்றால் மனைவி பெயரில் ஹிபா எழுதுவது நடைமுறைக்கு உதவும் என்பது என் கருத்து. எட்டில் ஒன்றை வைத்துக்கொண்டு அவர் யாரை வளர்ப்பார்? அதே சமயம் வயதான தாயை மறந்துவிடாதீர்கள். எதைச் செய்தாலும் இரண்டு தரப்புக்கும் தெரிய வைத்துச் செய்யுங்கள்.

பெண்களுக்கு இதில் தனியாகக் கவனிக்க வேண்டியது ஏதாவது?

நிறைய இருக்கிறது. கணவரை இழந்த பெண்ணின் இத்தா, அதாவது வீட்டில் காத்திருக்கும் காலம், பொதுவாக நான்கு மாதம் பத்து நாள். அந்த நாட்களில் அவரை அலுவலகம் அலுவலகமாக அலைய வைக்கும் திட்டம் முஸ்லிம்களுக்கான திட்டம் என்று சொல்லிக்கொள்ளத் தகுதியற்றது. தேவைக்குப் பகலில் வெளியே போகலாம் என்று அறிஞர்கள் அனுமதித்திருந்தாலும், அந்தத் தேவையை நிறுவனம் உருவாக்கக் கூடாது. வீட்டுக்கு வந்து கையெழுத்து வாங்கும் ஏற்பாடோ, நம்பகமான ஒருவர் மூலம் ஆவணம் கொடுக்கும் வசதியோ வேண்டும். அடக்கச் செலவுக்கான ஒரு பகுதி உடனே வந்துவிட வேண்டும்.

அப்புறம், வீட்டில் பீடி சுற்றியோ தைத்தோ சம்பாதிக்கிற பெண்ணை "சார்ந்திருப்பவர்" என்று எழுதிவிட்டுப் பாதித் தொகை போடுகிறார்கள். அவர் இறந்தாலும் வீட்டு வருமானம் நிற்கிறது, பிள்ளைகளைப் பார்க்க ஆள் இல்லாமல் கணவரின் வேலையும் கெடுகிறது. மகப்பேற்றை விலக்கிவிட்ட மருத்துவப் பாதுகாப்பும் அப்படித்தான். சேரும்போதே இதைக் கேட்டுவிட வேண்டும்.

வருடம் முடிந்தும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. போட்ட பணம் திரும்புமா?

அல்ஹம்துலில்லாஹ், ஒன்றும் ஆகாததுதான் நல்ல செய்தி. நிதியில் மிச்சம் இருந்தால் விதிமுறைப்படி ஒரு பங்கு திரும்பலாம், அல்லது அடுத்த வருடப் பங்களிப்பில் கழிக்கலாம். குறு தகாஃபுலில் அந்தப் பங்கு மிகச் சிறியதாக இருக்கும். ஆளுக்கு ஆள் அனுப்பும் செலவே அதைவிட அதிகம். அதனால் கெட்ட வருடத்துக்கான இருப்பாக நிதியிலேயே விட்டுவைப்பதும், பங்களிப்பைக் குறைப்பதும் நல்லது. எது நடக்கும் என்று சேரும்போதே எழுதியிருக்க வேண்டும். மொத்தமும் திரும்பும் என்று யாராவது சொன்னால் அவர் உண்மை சொல்லவில்லை.

ஆடு மாடு வளர்ப்பவர்களுக்கு ஏதாவது உண்டா?

கென்யாவின் வறண்ட வடகிழக்குப் பகுதி அழகான உதாரணம். அங்கே நாடோடி மேய்ப்பர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். எந்த ஆடு எங்கே செத்தது என்று போய்ப் பார்த்துச் சரிபார்ப்பது நடக்காத காரியம். அதனால் செயற்கைக்கோள் படத்திலிருந்து மேய்ச்சல் நிலத்தின் பசுமையை அளக்கிறார்கள். பசுமை ஒரு அளவுக்குக் கீழே போனால், இறந்த கால்நடையை யாரும் காட்டாமலேயே பணம் வருகிறது. ஆப்பிரிக்கத் தகாஃபுல் காப்பீட்டு நிறுவனம் சர்வதேசக் கால்நடை ஆய்வு நிறுவனத்தோடு சேர்ந்து 2013-ல் வஜீர் பகுதியில் இதைக் கொண்டுவந்து, 2014-ல் முதல் தொகையைக் கொடுத்தது.

இதில் ஒரு குறையும் இருக்கிறது. படத்தில் பசுமையாகத் தெரிந்த வருடத்திலும் நோய் வந்து ஒருவருடைய மந்தை அழியலாம். அவருக்கு எதுவும் கிடைக்காது. வறட்சிக்கு மட்டும்தான் இது என்று விளக்கிச் சொல்லாமல் ஆள் சேர்த்தால், அந்த ஒருவரின் ஏமாற்றம் ஊர் முழுக்கப் பரவும்.

இடையில் ஒரு மாதம் கட்டத் தவறினால்?

பொதுவாகச் சலுகை நாட்கள் உண்டு, அதன்பின் பாதுகாப்பு நின்றுவிடும். ஏழைகளுக்கான திட்டம் என்றால் அறுவடை, மீன் பருவம், வேலை கிடைக்கும் காலம் என்று பணம் கையில் புரளும் நேரத்தில் மொத்தமாகக் கட்ட வழி இருக்க வேண்டும்.

முஸ்லிம் அல்லாதவர்கள் சேரலாமா?

சேரலாம். ஆபத்து மதம் பார்த்து வருவதில்லை, கூட்டம் பெரிதானால் நிதியும் உறுதியாகும்.

சேருவதற்கு முன் என்னென்ன கேட்க வேண்டும்?

கடந்த வருடம் எத்தனை பேர் கோரினார்கள், எத்தனை பேருக்குக் கொடுத்தீர்கள், எத்தனை நாளில் கொடுத்தீர்கள்? இதுதான் முதல் கேள்வி. மலிவு என்பதை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். பத்துப் போட்டு எதுவும் வராததைவிட இருபது போட்டுக் கட்டாயம் வருவது ஏழைக்கு மலிவு. போடும் நூறில் எவ்வளவு கூலிக்குப் போகிறது, எவ்வளவு நிதிக்கு என்றும் கேளுங்கள். பாதிக்கு மேல் கூலிக்கும் கமிஷனுக்கும் போகிறது என்றால் நான் சேர மாட்டேன்.

காத்திருப்புக் காலம் எவ்வளவு, ஏற்கெனவே உள்ள நோய் விலக்கப்படுகிறதா, எந்த வயதோடு பாதுகாப்பு முடிகிறது என்பதையெல்லாம் உங்களுக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும். உரிமம் இருக்கிறதா, ஷரீஆ குழுவில் யார் இருக்கிறார்கள் என்று கேட்க வெட்கப்படாதீர்கள். பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருப்பது உரிமம் ஆகாது. சேர்ந்தபின் ரசீதையும் உறுப்பினர் எண்ணையும் குடும்ப அட்டையோடு சேர்த்து வைத்து, மனைவிக்கும் வளர்ந்த பிள்ளைக்கும் காட்டிவிடுங்கள்.

கோரிக்கையை மறுத்துவிட்டார்கள். என்ன செய்வது?

காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வாய்மொழி மறுப்பை ஏற்க வேண்டாம். பல மறுப்புகள் பெயர் எழுத்துப் பிழை, வயதுச் சான்று இல்லாமை போன்ற சிறிய விஷயங்களில் நிற்கின்றன. சரிசெய்து திரும்பக் கொடுக்கலாம். அதற்கும் மசியவில்லை என்றால் நிறுவனத்தின் குறைதீர்ப்பாளர், பிறகு அந்நாட்டின் காப்பீட்டு ஒழுங்குமுறை அமைப்பு. உங்களைச் சேர்த்த ஜமாஅத்தோ சங்கமோ இந்த இடத்தில் கூடவே வர வேண்டும். ஆள் சேர்க்கும்போது முன்னால் நின்றவர்கள் கோரிக்கையின்போது காணாமல் போவது அமானிதத்துக்குத் துரோகம்.

எங்கள் நாட்டில் தகாஃபுல் நிறுவனமே இல்லை. அப்போது?

சட்டப்படி கட்டாயமான வாகனக் காப்பீடு போன்றவற்றை நிர்ப்பந்தம் என்ற அடிப்படையில் பல உலமாக்கள் அனுமதிக்கிறார்கள். அரசு இலவசமாகத் தரும் பாதுகாப்பில் நீங்கள் எதையும் விலைக்கு வாங்கவில்லை, அரசின் நலத்திட்டம் அது. தகுதியிருந்தும் பதிவு செய்யாமல் இருக்காதீர்கள். லாப நோக்கமில்லாத பரஸ்பரக் காப்பீட்டுச் சங்கங்கள் இருந்தால் அவற்றின் விதிகளை ஆலிம் ஒருவரிடம் காட்டிக் கேளுங்கள். எதுவும் இல்லையென்றால் பதிவு செய்த உதவி நிதியில் தொடங்கலாம்: இவ்வளவு தருவோம் என்ற வாக்குறுதி இல்லாமல், இருவர் கையெழுத்தில் கணக்கு, வருடம் ஒரு முறை தணிக்கை, வாசலில் ஒட்டிய வரவு செலவு. பக்கத்து மஹல்லாக்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐந்து வருடம் ஒழுங்காக எழுதி வைத்த அந்தப் பதிவேடு, எத்தனை குடும்பத்தில் எத்தனை மரணம், எவ்வளவு கொடுத்தோம் என்ற விவரத்தோடு, நாளைக்கு ஒரு நிறுவனத்திடமோ அரசிடமோ போய்ப் பேசும்போது உங்கள் கையில் இருக்கும்.